என் பெயருக்கு வந்த முதல் கடிதம்

எனக்கு வந்த முதல் கடிதத்தை நான் ஒளித்து வைத்தேன். முப்பத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்று, முதன்முதலாக ஒரு காகிதத்தை யார் துணையும் இல்லாமல் படித்து முடித்து, படித்த கையோடு மடித்துச் சுருக்குப் பைக்குள் போட்டு நாடாவை இறுக்கினேன். காரணம் என் மகள் மயிலா. அவளுக்கு அப்போது பத்து வயது. பெற்ற மகளைப் பார்த்து வயிறு எரிந்தவள் நான். அப்படியும் ஒரு தாய் இருப்பாளா என்று கேட்பீர்கள். இருந்தாள், அவள் பெயர் சாலம்மாள்.

புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே ஒரு மைல் தள்ளி எங்கள் ஊர். எழுபத்தொன்பதாம் வருடம் தீபாவளி கழிந்ததும் பஞ்சாயத்து ரேடியோ ரூம் வாசலில் ஒரு போர்டு மாட்டினார்கள். அதில் ‘முதியோர் கல்வி நிலையம்’ என்று எழுதியிருப்பதாகச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பத்திரண்டு வயதுக்காரி முதியவளா? ஆனாலும் முதல் நாள் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவளும் நான்தான்.

சின்ன வயதில் என் அண்ணன் காளியண்ணனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள், என்னை ஆட்டுக்குப் பின்னால் அனுப்பினார்கள். அவன் மூன்றாம் வகுப்போடு ஓடிவந்துவிட்டான். அவன் வீசி எறிந்த சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெறும் கோடாகப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கல்யாணம், பிறகு சவ்வரிசி மில்லில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்குத் தோல் உரிக்கும் வேலை. என் வீட்டுக்காரர் அங்கமுத்து அதே மில்லுக்குக் கிழங்கு மூட்டை ஏற்றி இறக்குகிறவர். எனக்கென்று நான் ஆசைப்பட்டது சேலையும் இல்லை, தோடும் இல்லை. ஒரு எழுத்து, அதற்குப் பக்கத்தில் இன்னொரு எழுத்து, இரண்டையும் சேர்த்தால் என்ன வருகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மயிலாவை நான் அங்கே படிக்கக் கூட்டிப் போகவில்லை. பகலெல்லாம் எங்கள் நாலு வெள்ளாட்டை மேய்ப்பவள் அவள். பொழுது சாய்ந்து நான் கிளம்பும்போது வழியில் லாந்தர் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதற்குத்தான் அவள் வந்தாள்.

பாடம் சொல்லிக் கொடுத்தது பாவாயி டீச்சர். இருபது வயதுப் பெண், பக்கத்துத் தோட்டத்துக் கவுண்டர் வீட்டு மகள், பத்தாவது பாஸ். முதல் வாரம் நாலே பெண்கள்தான் வந்தோம். பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று மற்றவர்கள் சொன்னதால், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், அவர்களும் படிக்கட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. சர்க்கார் கொடுத்த சிலேட்டுகள் போதவில்லை. அதற்கும் அவளே ஒரு வழி செய்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே சிலேட்டு, முன்பக்கம் தாய்க்கு, பின்பக்கம் பிள்ளைக்கு. தாய் எழுதி முடித்ததும் சிலேட்டைத் திருப்பிப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும்.

என் வினை அந்தச் சிலேட்டில் ஆரம்பித்தது. டீச்சர் சுற்றி வரும்போது முதலில் என் பக்கத்தைப் பார்த்து, “இன்னொருக்கா எழுதுங்கக்கா” என்பாள். பிறகு திருப்புவாள். திருப்பியதும் அவள் முகம் மலர்வதை நான் பார்க்க வேண்டியிருக்கும். கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன என் விரலுக்குள் பலப்பம் நிற்காது. மயிலா அதை முள் எடுக்கிற மாதிரி லேசாகப் பிடித்து எழுதிவிடுவாள். நான் ஒரு வாரம் மல்லுக்கட்டிய ‘ஞ’வை அவள் ஒரே நாளில் எழுதினாள். பதினைந்து வருடம், இருபது வருடம் ஏங்கியது நான். விளக்குப் பிடிக்க வந்தது அவள். எழுத்து வந்தது யாருக்கு என்று பாருங்கள்.

டீச்சர் எங்களிடம் வந்து சேர்வதற்குள் முந்தானை பட்டுவிட்ட மாதிரி அவள் பக்கத்தை அழித்திருக்கிறேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி எழுதினாள், முன்னைவிட அழகாக. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

தை மாதம் மூன்று பேரும் ஒரு காதுகுத்துக்காக நாமக்கல் போயிருந்தோம். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்காமல் பஸ்ஸைக் கண்டுபிடித்து என் வீட்டுக்காரரை அசத்த வேண்டும் என்பது என் திட்டம். சேலம் போகிற பஸ்தான் புதுச்சத்திரம் வழியாகப் போகும். ஒரு வாரமாகச் ‘சேலம்’ என்று மனதுக்குள்ளேயே எழுதிப் பார்த்திருந்தேன். ஒரு பஸ் வந்து நின்றது. முதல் எழுத்து ‘சே’. “ஏனுங்க, இதுதானுங்க சேலம் பஸ்ஸு” என்று சொல்லி ஒரு காலைப் படியிலும் வைத்துவிட்டேன். மயிலா பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அது சேந்தமங்கலம் போகிற பஸ் என்றாள்.

என் வீட்டுக்காரர் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளாத குறைதான். பத்து வயதுப் பெண்ணுக்குத் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு பஸ்ஸாகக் காட்டிக் காட்டி இது எந்த ஊர், அது எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ‘சே’ என்ற எழுத்து எனக்கும் தெரிந்ததே, அதை யாராவது சொன்னார்களா? வீடு வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்ப் பானை ஏன் காலியாக இருக்கிறது என்று அவளைத் திட்டித் தீர்த்தேன்.

சித்திரையில் நாமக்கல்லிலிருந்து ஒரு ஆபீசர் எங்கள் நிலையத்தைப் பார்வையிட வந்தார். யாராவது ஒரு தாய் படித்துக் காட்டட்டும் என்று அவர் கேட்க, டீச்சர் என்னைக் கைகாட்டினாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. எழுந்து நின்று இரண்டு வரி படித்துவிட்டேன். மூன்றாவது வரியில் ‘வெள்ளாமை’ என்ற வார்த்தை என்னை மறித்துக்கொண்டு நின்றது. ஊர் பூராவும் வாய்க்கு வாய் சொல்லுகிற வெள்ளாமை, காகிதத்தில் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தது. பின்னாலிருந்து மயிலா மெதுவாக அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். கேலியாக இல்லை, ஆசையாகத்தான் சிரித்தார்கள். ஆபீசர் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தார். அவள் பாடம் முழுவதையும் மூச்சுவிடாமல் படித்தாள். இவளை ஏன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை என்று அவர் டீச்சரைக் கேட்டதும், டீச்சர் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும் என் காதில் விழுந்தன. நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்ல யாருக்கும் நினைவில்லை.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை பாவாயி டீச்சர் தன் அக்காவின் கல்யாணத்துக்காகப் பள்ளிபாளையம் போனாள். திரும்பி வரப் பத்து நாளாகும் என்றும், அதுவரை நாங்களே கூடிப் படித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். பஸ் ஏறப் போகிறவள் ரோட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மயிலாவைப் பார்த்து, மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்து அம்மாவிடம் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மயிலா ஆட்டோடு வந்து அதை என்னிடம் நீட்டினாள். “டீச்சர் உன்ற பேருக்கு எழுதியிருக்காங்கம்மா” என்றாள்.

ஆட்டுப் பட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து படித்தேன். படித்து முடிக்க அரைமணி நேரம் ஆகியிருக்கும். சாலம்மாள் அக்காவுக்கு என்று ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் தீர்த்தகிரி ஐயாவிடம் பேசிவிட்டேன், மயிலாவுக்கு ஒரு பரீட்சை வைத்துவிட்டு நேராக நாலாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார், வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் அழைத்துப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்தது. கடைசியில், ‘இதை நீங்களே படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்’ என்று ஒரு வரி.

முதலில் சந்தோஷம்தான். ஒரு இடத்தில்கூட விடாமல் படித்துவிட்டேன். எழுந்து போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பிறகுதான் என்ன படித்தேன் என்பது உள்ளே இறங்கியது. என் பிறவியில் என் பெயருக்கு வந்த முதல் கடிதம், அதுவும் அவளைப் பற்றியதுதான். எனக்கு ரேடியோ ரூமும் அரைச் சிலேட்டும், அவளுக்குப் பெஞ்சும் பையும் நாலாம் வகுப்பும். இன்னும் ஒரு வருடத்தில் நான் அவளிடம் கையேந்தி நிற்க வேண்டும். ஆட்டை யார் மேய்ப்பது என்று ஒரு காரணத்தையும் தேடிப் பிடித்துக்கொண்டேன். உண்மையில் ஆட்டைப் பற்றி அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை.

மயிலா பட்டி வாசலிலேயே நின்றிருந்தாள். டீச்சர் என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டாள். நான் இரண்டு விநாடிகூட யோசிக்கவில்லை.

“சீமெண்ணெய் தீந்துபோச்சாம். லாந்தருக்கு நம்ம ஊட்டுல இருந்து கொஞ்சம் ஊத்தச் சொல்லியிருக்காங்க” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சரி என்று சொல்லி, உள்ளே போய்ச் சீமெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ரேடியோ ரூமுக்கு நடந்தாள்.

இங்கே என் புத்தியைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் காகிதம் கொண்டுபோகிற ஆளுக்குக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. மில் முதலாளி கொடுத்த எத்தனையோ சீட்டுகளை நானே எடைமேடைக்கும் ஆபீசுக்கும் கொண்டுபோயிருக்கிறேன். ஒன்றில்கூட என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கொண்டுபோகிறவள் வெறும் கை, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்திலேயே இருந்துவிட்டேன். என்னைவிட நன்றாகப் படிக்கிறாள் என்று யாரைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேனோ, அவள் கையில்தான் அந்தக் கடிதம் ரோட்டிலிருந்து வீடுவரை வந்தது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அந்தப் பத்து நாளில் ஒரு அதிசயம் நடந்தது. மயிலாவுக்குப் படிப்பு வராமல் போய்விட்டது. மாலையில் எல்லோரும் கூடி உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தால், நாலு வார்த்தை படித்துவிட்டு நின்றுவிடுவாள். ‘மழை’ என்ற வார்த்தைக்கே தடுமாறினாள். “நீயே படிம்மா, எனக்கு வல்லே” என்று புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிடுவாள். நான் படித்தேன். மற்ற பெண்கள் சந்தேகம் கேட்க என் பக்கம் திரும்பினார்கள். மயிலா எழுதியதை நானே திருத்தினேன், அதில் பிழைகளும் இருந்தன. சின்னப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும், நமக்கு வந்தால் நிற்கும் என்று நான் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நாள் என் மகளிடம் நான் பிரியமாக இருந்தேன். தலைக்கு எண்ணெய் வைத்துச் சடை போட்டுவிட்டேன். மில்லுக்குப் போகும்போது பாட்டுகூட வந்தது.

பதினோராம் நாள் பாவாயி டீச்சர் வந்தாள். வந்ததும் வராததுமாக, ஏன் மயிலாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை, தீர்த்தகிரி ஐயா வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை காத்திருந்தாராமே என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டாள். கடிதம் வந்து சேரவில்லையா என்று அடுத்துக் கேட்டாள். கடிதம் என் இடுப்பில் சுருக்குப் பைக்குள் இருந்தது.

“நான் தொலைச்சுப்போட்டேனுங்க டீச்சர்” என்றாள் மயிலா.

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்காக அத்தனை பேரிடம் பேசி வைத்தேனே, ஒரு காகிதத்தைப் பத்திரமாகக் கொண்டுபோகத் தெரியாதா என்று திட்டினாள். மயிலா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் லாந்தரை அவள்தான் பிடித்து வந்தாள். பாதி தூரம் வந்ததும் நான் நின்றேன்.

“அந்தக் கடுதாசிய நீ படிச்சயா?”

“ரோட்டுலயே படிச்சுட்டேம்மா.”

“அப்பறம் ஏண்டி என்னக் கேட்டே, என்ன எழுதியிருக்குதுன்னு?”

“உன்ற பேருக்கு வந்த கடுதாசி. நீ படிச்சு எனக்குச் சொல்லோணும்னு இருந்தேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. நான் சீமெண்ணெய் என்று சொன்னபோது என்ன நினைத்தாய் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? அந்தப் பத்து நாளும் அவளுக்கு ‘மழை’ என்ற வார்த்தை தெரிந்தே இருந்தது என்பது அங்கே நின்றபடியே எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஜெயித்ததாக நினைத்தது அவள் விட்டுக்கொடுத்தது. எனக்கு அவள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது ஆத்திரம்தான். இதிலும் என்னைவிட ஒரு படி மேலே போய்விட்டாளே என்று வந்த ஆத்திரம். அதற்குப் பிறகுதான் லாந்தரை அவள் கையிலிருந்து வாங்கி நான் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் மில்லுக்குப் போகாமல் அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தீர்த்தகிரி வாத்தியார் காதோரம் நரைத்தவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுகிறவர். டீச்சர் காலையிலேயே வந்து நடந்ததைச் சொல்லி அவரிடம் கெஞ்சிவிட்டுப் போயிருந்தாள். அவருக்கு மனம் ஆறவில்லை. கொடுத்த கடிதத்தைத் தொலைக்கிற பிள்ளைக்கு நாலாம் வகுப்பு எதற்கு, சேர்வதானால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கட்டும் என்றார். பத்து வயதுப் பெண் ஆறு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் எத்தனை நாள் உட்காருவாள் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரும் இது வேண்டாத வேலை என்று ஒரே வாரத்தில் நிறுத்திவிடுவார். அவளுக்கு இது போனால் போனதுதான்.

கடைசியில், நாள் கடந்து வந்ததற்குக் காரணம் எழுதித் தந்தால் பரீட்சையாவது வைத்துப் பார்க்கிறேன் என்று இறங்கி வந்தார். வழக்கம்போலத் தானே எழுதிக்கொண்டு என்னிடம் ரேகை வாங்கிக்கொள்ளலாம் என்று மைப்பெட்டியைத் திறந்தார்.

“நானே எழுதறனுங்க” என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். ஒரு தாளும் பேனாவும் தந்தார். தரையில் உட்கார்ந்து முக்காலியின் மேல் தாளை வைத்து எழுதினேன். ஒரு பீரியட் முடிந்து மணி அடித்தது, இன்னும் எழுதிக்கொண்டிருந்தேன். பேனா மை கையெல்லாம் ஆனது. எழுதி முடித்து நீட்டியபோது அவர் அதைப் படிக்கவில்லை. நான் எழுதினேன் என்பதே அவருக்கு வேடிக்கையாக இருந்தது போல. சிரித்துக்கொண்டே தாளை மயிலாவிடம் கொடுத்தார்.

“உனக்குப் பரீட்சை இதுதான் பாப்பா. உங்கம்மா எழுதுனதப் படி பாக்கலாம்.”

மயிலா வாங்கினாள். அவள் கண் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே ஓட்டமாக ஓடியதை நான் பார்த்தேன். பிறகு தாளைத் தாழ்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவர் இரண்டாம் தடவை கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“எனக்குப் படிக்கத் தெரியலீங்க” என்றாள்.

வாத்தியார் உச்சுக்கொட்டினார். அப்படியானால் ஒன்றாம் வகுப்புதான் என்று சொல்லிக்கொண்டே நாலாம் வகுப்பு ரிஜிஸ்தரை எடுத்து ஓரமாக வைத்தார். நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

“படி சாமி” என்றேன். “நான் என்ன எழுதுனேன்னு எனக்குத் தெரியும். அவருக்குக் கேக்கற மாதிரி சத்தமாப் படி.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தாளைத் தூக்கிப் பிடித்தாள்.

“ஐயா. டீச்சர் எழுதிய கடிதம் எனக்கு வந்தது. என் மகள் தொலைக்கவில்லை. நான் படித்தேன். நான் ஒளித்தேன். அவள் என்னைவிட நன்றாகப் படிக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. இப்படிக்கு, சாலம்மாள்.”

வாத்தியார் ஓரமாக வைத்த ரிஜிஸ்தரை இழுத்துத் திறந்து, குனிந்தபடியே பேனாவுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். எழுதியது நான். ஆனாலும் அதை என்னைப் படிக்கச் சொல்லியிருந்தால் நாலு இடத்தில் நின்று நின்றுதான் படித்திருப்பேன். அவள் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று அவரைக் கேட்டேன்.